மாமனும் மருமகனும் குடித்த தவறணை

மொன்றியலில் எங்கள் தெருவின் பழைய கதைகளைச் சொல்லி ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற வழக்கம் ஒரு கோடையில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு கூட்டம் வரும். முன்னால் ஓர் இளம்பெண் பின்பக்கமாக நடந்தபடி பிரெஞ்சில் விளக்கம் சொல்லிக்கொண்டு போவாள். அன்று நான் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தேன். நான் வருடக்கணக்காகச் சமைத்த தவறணைக்கு முன்னால் அந்தக் கூட்டம் நின்றது. "இந்தக் கதவு இந்தப் பகுதியில் இருந்த எல்லோருக்கும் திறந்திருந்தது. இங்கே வந்து உட்கார்ந்தால் எல்லோரும் சமம்," என்றாள் அந்தப் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோருமாம்! நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "எல்லோரும் என்றால் யார் யார்?" என்று கேட்டேன். "தொழிலாளர்கள், மதாம். சாதாரண சனங்கள்," என்று சிரித்தாள். "உங்கள் அம்மா இளவயதில் இங்கே வந்து ஒரு பியர் கேட்டிருக்க முடியுமா?" என்றேன். அவள் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். அடுத்தது மருந்துக்கடை, நேரமாகிறது என்று சொல்லிக் கூட்டத்தை நகர்த்திவிட்டாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், "நீர் பேசாமல் வந்திருக்கலாம்," என்கிறார். பேசாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. அந்தத் தவறணையில் யார் யார் எதைப் பேசாமல் இருந்தார்கள் என்பதை நானாவது சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தெருவில் ஒருகாலம் மூன்று தவறணைகள் இருந்தன. முதலாவது ரயில் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு. அதுதான் இப்போது மருந்துக்கடை. இரண்டாவது கட்டட வேலைக்காரருக்கு. அது கைவிட்டுக் கைமாறிக் கடைசியில் ஒரு செபக்கூடமாகிவிட்டது. பியர் வாடை ஊறிய சுவருக்குள் இப்போது அல்லேலூயா கேட்கிறது. மூன்றாவது, முதல் இரண்டிலிருந்தும் துரத்தப்பட்டவர்களுக்கு. அதை நடத்தியவர் எங்கள் முதலாளியம்மாவின் தகப்பன். இதையெல்லாம் எனக்குச் சொன்னதும் முதலாளியம்மாதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எனக்கு உருளைக்கிழங்கு உரித்துத் தந்தபடி சொல்லுவார். வயது அறுபதைத் தாண்டியவர். குரல் மட்டும் சந்தைக்காரியின் குரல்.

பெண்கள் தவறணைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்தில் வெறும் வழக்கம் இல்லை, சட்டம். நான் ஊரில் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் வரைக்கும் இந்த மொன்றியலில் ஆண்களுக்கு மட்டுமான தவறணைகள் இருந்தன என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. கனடா என்றால் ஏதோ என்று நினைத்துத்தானே நாங்கள் பிளேன் ஏறினோம்.

ஆண்களுக்கும் உள்ளே ஒழுங்குகள் இருந்தன. உட்கார்ந்துதான் குடிக்கவேண்டும். கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு மேசை உலாவ முடியாது. பியரை இரண்டு இரண்டு கிளாஸாகக் கொண்டுவந்து வைப்பார்கள். மேசையில் உப்புக் குப்பி இருக்கும், பியருக்குள் தூவிக்கொள்ளலாம். வினிகரில் ஊறிய முட்டை ஒரு பெரிய கண்ணாடிச் சாடிக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஆட்கள் எழும்பி நடக்க முடியாததால், நடக்கிற ஒரே ஆள் வெயிட்டர்தான். யார் எங்கே இருப்பது, யாருக்குப் பக்கத்தில் யாரை இருத்தக்கூடாது, யாருக்கு இனிமேல் கொடுக்கக்கூடாது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

சுவரில் ஒரு டெலிபோன் இருந்தது. வெள்ளிக்கிழமை சம்பள நாளில் அது ஓயாமல் அடிக்குமாம். வீட்டில் இருக்கும் மனைவிமார். வெயிட்டர் எடுத்து, வாயைப் பொத்தி, அந்த மனிசனை ஒரு பார்வை பார்ப்பார். மனிசன் தலையை ஆட்டுவான். "இல்லை மதாம், அவர் இங்கே இல்லை. இப்போதுதான் போனார்," என்பார் வெயிட்டர். முதலாளியம்மாவின் குடும்பம் இருந்தது தவறணைக்கு நேர் மேல்மாடியில். அவருடைய தாய் மேலேயிருந்து போன் எடுத்தாலும் இதே பதில்தான். தகப்பன் சிரிக்கிற சத்தம் கீழேயிருந்து பலகையூடாகக் கேட்டுக்கொண்டிருக்கும், காதில் "அவர் இங்கே இல்லை" என்று விழும். தாய் அப்படியே போனை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். இதைச் சொல்லும்போது முதலாளியம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெயிட்டரின் முகத்தில் சூப்பை ஊற்றவேண்டும் போலிருந்தது.

பிறகு சட்டம் மாறி, பெண்களையும் விடவேண்டும் என்று வந்தபோது தகப்பனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பெண்களுக்குக் கழிப்பறை வைக்கச் சொன்னதற்கு, விளக்குமாறு வைக்கிற அலுமாரி ஒன்றை இடித்து அதற்குள் வைத்தார். இருந்தால் முழங்கால் கதவில் முட்டும். குளிர்கால உடுப்போடு போனால் திரும்பி வெளியே வர முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதுதான் பெண்களின் கழிப்பறை. எல்லோரும் சமமாம்.

நான் அங்கே சேர்ந்தது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த புதிதில். அதுவரை சட்டை தைக்கிற தொழிற்சாலையில் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். கணவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. போகவர பஸ்ஸிலேயே நாள் போய்விடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவாக எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. குசினிக்கு ஆள் தேவை என்று தவறணை யன்னலில் போட்டிருந்தது. போய்க் கேட்டேன், தந்தார்கள். பட்டாணிச் சூப், பன்றிக்கால் குழம்பு, இறைச்சி வைத்த மாப்பணியாரம் என்று எல்லாவற்றையும் முதலாளியம்மாவிடம் பழகினேன். நான் பியரைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் எங்கள் கோயிலில், "தவறணையிலை நிண்டு ஊத்திக் குடுக்கிறாவாம்," என்று கதை பரவியது. மாதா திருநாளுக்குச் சமைக்கிற பெண்கள் கூட்டத்தில் எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலைகூடத் தரவில்லை. அந்தப் பெண்களின் புருஷன்மார் பாதிப்பேருக்கு என் பட்டாணிச் சூப்பின் ருசி தெரியும். இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கோயில் கலகலத்திருக்கும்.

எங்கள் ஆண்கள் அங்கே வந்து குடிக்கிற அழகைச் சொல்லவேண்டும். வயதுக்கு மூத்தவர் இருக்கிற இடத்தில் இளையவர் குடிக்கக்கூடாது. மாமனுக்கு முன்னால் மருமகன் குடிக்கவே கூடாது. அது மரியாதை. குடிக்காமல் விடுவது மரியாதை என்று யாரும் நினைக்கவில்லை. காணாத இடத்தில் குடிப்பதுதான் மரியாதை. நல்லதுதான், ஆனால் அந்தப் பகுதியில் மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு தவறணை.

எங்கள் கோயிலில் முன்வாங்கில் இருக்கிற ஒரு பெரியவர் இருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே மகள் வீட்டில் இருந்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தவறணைக்கு வருவார். மகளைக் கட்டியவர் லவாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவரும் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் முடிந்து, சில நாட்களில் ஓவர்டைம் இல்லாமலே, அங்கே வருவார். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். எங்கள் வெயிட்டர் அவர்களைத் தெருவில் குடும்பமாகக் கண்டிருந்தவர், ஆனால் இந்தக் குடும்ப முறை தெரியாதவர். நல்ல மனதோடு மருமகனின் முதுகில் தட்டி, "உங்கள் மாமா அங்கே இருக்கிறார், வாருங்கள்," என்று கூட்டிக்கொண்டு போனார். தபாலதிபர் கிளாஸை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மருமகன் கூரையைப் பார்த்தார். பிறகு மருமகன் திரும்பி நடந்து வெளியே போய்விட்டார்.

வெயிட்டர் குசினிக்கு வந்து, என்ன சண்டை என்று என்னிடம் கேட்டார். அவர் முதலாளியம்மாவின் தகப்பன் காலத்திலேயே இளைஞனாக வேலைக்கு வந்தவர். வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, முழங்கால் வரை தொங்கும் ஏப்ரன். பாதம் இரண்டும் வீங்கியிருக்கும், ஆனால் வேலை நேரத்தில் ஒருநாளும் உட்கார்ந்து நான் கண்டதில்லை. சண்டை இல்லை, மரியாதை என்று நான் விளக்கினேன். இரண்டு தரம் கேட்டார். பிறகு பலமாகச் சிரித்துவிட்டு, "விளங்கியது, மதாம். இது எங்களுக்குப் பழக்கமான வேலைதான்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த மரியாதையை எங்களைவிட ஒழுங்காக நடத்தினார். தபாலதிபரைப் பின்பக்கத்தில் உடுப்புகள் தொங்கும் தூணுக்குப் பின்னால் இருத்துவார். மருமகனை யன்னலோரம். மருமகன் முதலில் வந்திருந்தால், தெருவில் வருகிற தபாலதிபரை வெயிட்டர் யன்னலுக்குள்ளால் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுவார். பெரியவர் நிற்காமல் நடந்து மூலையில் தெபானர் என்கிற சில்லறைக் கடையில் ஒரு பத்திரிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தபாலதிபர் உள்ளே இருக்கும்போது மருமகன் வந்தால், வெயிட்டர் தூணடிக்குப் போய்ப் பெரியவரின் தோளில் கையை வைப்பார். அவ்வளவுதான். பெரியவர் கிளாஸை வைத்துவிட்டு எழும்பி, குசினிக்குள்ளால், என் அடுப்பைத் தாண்டி, பின்கதவால் இரும்புப் படியில் இறங்கிப் போய்விடுவார். போகும்போது என்னைப் பார்க்கமாட்டார். சட்டியைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்திலும் என் பக்கம் திரும்பமாட்டார். இதே மனிசனுக்கு நான் பட்டாணிச் சூப்பில் தனியாகச் செத்தல் மிளகாய்த்தூள் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். வெயிட்டர்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

இந்த ஏற்பாடு வருடக்கணக்காகப் பழுதில்லாமல் ஓடியது. அதைக் கெடுத்தது புகைத்தடை. அதற்கு முன்பு உள்ளே புகை மண்டியிருக்கும், பக்கத்து மேசையில் யார் என்றே தெரியாது. தடை வந்ததும் புகைக்கிறவர்கள் எல்லோரும் முன்வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். மருமகன் உள்ளே வருவதற்கு முதல் வாசலில் நின்று ஒன்று பிடித்துவிட்டுத்தான் வருவார். முன்பென்றால் படி உறைந்த நாட்களில் பெரியவர் புகை மறைவில் முன்கதவாலேயே நழுவிவிடுவார். இப்போது மருமகன் வாசலில் நின்றால் அவருக்குப் பின்படியைத் தவிர வழியில்லை.

தடைக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை, மழை விழ விழ உறைந்துகொண்டிருந்தது. மருமகன் வழக்கத்தைவிட நேரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். வெயிட்டர் கண்டார். தூணடிக்குப் போனார். தோளில் கையை வைத்தார். எனக்கு அது குசினி வாசலால் நேராகத் தெரியும். தபாலதிபர் எழும்பி மப்ளரைச் சுற்றியபடி என் அடுப்பைத் தாண்டிப் போனார். பின்கதவு சாத்தின சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். படிக்குக் கீழே விழுந்து கிடந்தார். கை ஒரு பக்கமாக மடங்கியிருந்தது.

நானும் வெயிட்டரும்தான் தூக்கினோம். இத்தனை வருடத்தில் தபாலதிபர் என்னோடு அன்றைக்குத்தான் முதல்முதல் கதைத்தார். "பிள்ளை, ஒருத்தரையும் கூப்பிடாதையும். மருமகன் வாசல்லை நிக்கிறார்," என்றார். எலும்பு முறிந்து கிடக்கிற நேரத்திலும் அவருக்கு அதுதான் பயம். வெயிட்டர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், பின் ஒழுங்கையால் அவரைத் தாங்கி நடத்திக்கொண்டு போய், டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரியில் மகள் வருமட்டும் பக்கத்தில் இருந்தார். முன்வாசலில் நின்ற மருமகன் உள்ளே வந்து யன்னலோரம் இருந்து ஒரு பியர் குடித்தார். தூணடி மேசையில் பாதி கிளாஸ் அப்படியே இருந்தது. அதைக் கண்டாரா என்றால், கண்டார். கண்டுவிட்டு யன்னலைப் பார்த்தார்.

இதுவரைக்கும் எனக்குக் கோபம் இல்லை, சிரிப்புத்தான். அடுத்த வாரம்தான் வயிறு எரியத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் ஏப்ரனோடு இருந்த மனிதனைக் கண்ட மகள், தவறணைக்கு ஏன் போனீர்கள் என்று தகப்பனைக் கேட்டிருக்கிறாள். குடிக்கப் போனேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குளிர் தாங்காமல் கழிப்பறைக்குப் போனேன், ஒன்றும் வாங்காமல் ஏன் வந்தாய் என்று வெயிட்டர் ஏசி, தோளில் கை வைத்துப் பின்கதவால் தள்ளிவிட்டான் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபோது கோயில் முற்றம் முழுக்க இந்தக் கதைதான். "வயசு போன மனிசனை வெள்ளைக்காரன் பனிக்குள்ளை தள்ளிவிட்டவனாம்." "எங்கட ஆக்கள் எண்டபடியால்தானே." நிறவெறி என்றார்கள், பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டும் என்றார்கள். உண்மையாக எங்களை நிறத்துக்காகத் தள்ளிவிட்ட இடங்கள் இந்த நகரத்தில் இல்லாமல் இல்லை. எனக்கும் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்தவர்கள், ஒருவரையும் தள்ளாத மனிதனின் மேல் அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்தார்கள். முற்றத்தில் கைகட்டி நின்று தலையாட்டிய ஆண்களில் நாலைந்து பேர் அந்தச் சனிக்கிழமை தவறணையில் இருந்தவர்கள். ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். "நான் அண்டைக்கு வரேல்லை, தங்கச்சி." "எனக்கு ஒண்டும் தெரியாது." ஒருவர், "நீர் எந்தத் தவறணையைச் சொல்லுறீர்?" என்றே கேட்டார். முதல்நாள் என்னிடம் இரண்டாம் தரம் சூப் கேட்டு வாங்கிய மனிசன்.

எல்லோருக்கும் முன்னால் நின்று சத்தம் போட்டது மருமகன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

மருமகனும் மகளும், சனிக்கிழமைகளில் தவறணைக்கு வராத முதலாளியம்மாவிடம் வந்தார்கள். வெயிட்டர் மன்னிப்புக் கேட்கவேண்டும், அவரை வேலையால் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுக்கிற இடத்துக்குப் போவோம் என்றார்கள். லைசென்ஸ் போனால் தவறணை போச்சு. முதலாளியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உண்மையில் என்ன நடந்தது என்று வெயிட்டரைக் கேட்டார். "நான் தள்ளவில்லை," என்று மட்டும் அவர் சொன்னார். குசினியில் நின்ற என்னை ஒருவரும் கேட்கவில்லை, அவரே சொல்லட்டும் என்று நானும் காத்திருந்தேன். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. இருபது வயதிலிருந்து செய்த ஒரே வேலை. வேறு வேலை தெரியாது, பிள்ளைகுட்டியும் இல்லை. அந்த மனிதனுக்கு அந்த மண்டபத்தைத் தவிர வேறு உலகம் இல்லை.

நான் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஏன் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மதாம், நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளில் படித்தது ஒன்றுதான். யார் வந்தார், யார் போனார், ஏன் போனார் என்று ஒரு குடும்பத்துக்கும் சொல்லக்கூடாது," என்றார். "அந்தக் குடும்பம் உங்கள் தலையைக் கேட்கிறது," என்றேன். தோளை உயர்த்திவிட்டுப் போனார். மேல்மாடியில் நின்ற முதலாளியம்மாவின் தாய்க்கு "அவர் இங்கே இல்லை" என்று சொன்னவர்களில் இவரும் ஒருவராக இருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "உமக்கேன் இந்த வில்லங்கம்? நாளைக்குக் கோயிலிலை முகம் முழிக்கிறேல்லையே?" என்றார். "அந்த மனிசன் செய்யாத குத்தத்துக்கு வேலையை விட்டுப் போறதோ?" என்று கேட்டேன். "அவரே பேசாமல் இருக்கிறார்," என்றார். அன்றிரவு நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு திங்கட்கிழமை காலை, தவறணை திறக்கமுன் நாள் குறித்தார்கள். வெயிட்டருக்கு ஆங்கிலம் வராது. தபாலதிபருக்குப் பிரெஞ்சு வராது. அவர்கள் வீட்டு ஆள் மொழிபெயர்க்க வேண்டாம், என் சமையல்காரி செய்வாள் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அதனால் நான் முதல்முதலாக அந்த மண்டபத்தில் ஒரு மேசையில் இருந்தேன். ஒரு பக்கம் கையைத் தூளியில் போட்டபடி தபாலதிபர், மகள், மருமகன். மறுபக்கம் முதலாளியம்மா. வெயிட்டர் இருக்கவில்லை, நின்றார். அன்று சேர்ட் புதிதாக இஸ்திரி போட்டிருந்தது.

"உங்களுக்கு நடந்ததற்காக மிகவும் வருந்துகிறேன், மிஸ்யூ. கை விரைவில் சுகமாகவேண்டும்," என்று வெயிட்டர் பிரெஞ்சில் சொன்னார். நான் அதைத் தமிழில் அப்படியே சொன்னேன். தபாலதிபர், நீதவான் மாதிரித் தலையை மெதுவாக அசைத்தார். அந்தத் தலையசைப்பைக் கண்டதும் எனக்குள் இருந்தது எல்லாம் பொங்கி வந்துவிட்டது.

"இது அவர் சொன்னது," என்றேன். "இனி நான் சொல்லுறன், கேளுங்கோ. ஐயா, உங்கட தோளிலை இவர் கை வைச்சவர்தான். தள்ளுறதுக்கில்லை. மருமகன் வந்திட்டார், எழும்புங்கோ எண்டு சொல்லுறதுக்கு. எத்தினை வருசமா வைக்கிறார்! நீங்கள் பியரை வைச்சிட்டு என்ரை அடுப்புக்குப் பக்கத்தாலை ஓடினீங்கள். படியிலை சறுக்கி விழுந்தனீங்கள். தூக்கினது இவரும் நானும். ஒருத்தரையும் கூப்பிடாதையும் எண்டு எனக்குத்தான் சொன்னனீங்கள். உங்கட மானத்தைக் காப்பாத்தின கையை, தள்ளின கை எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

தபாலதிபர் மகளின் பக்கம் திரும்பினார். "ஆர் இந்தப் பிள்ளை? நான் ஒருநாளும் காணேல்லையே," என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் போட்டுக் கொடுத்த மிளகாய்த்தூளைத் தின்ற வாய். ஆனால் நான் ஒன்றும் சொல்லமுன் மருமகன் மேசைக்கு மேலால் என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். இதைப் பிரெஞ்சிலை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றார்.

பொய் என்று அவர் சொல்லவில்லை. பிரெஞ்சில் சொல்லவேண்டாம் என்றுதான் சொன்னார். மகள் அதைக் கவனித்துவிட்டாள். மெதுவாகத் தன் புருஷன் பக்கம் திரும்பி, "ஏன் சொல்லக்கூடாது? அண்டைக்கு லவாலிலை ஓவர்டைம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். மருமகன் தரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவளுக்காகவும் கோபம் வந்தது. தகப்பன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், இரண்டு பேரும் அவளை வீட்டில் வைத்துச் சனிக்கிழமை சனிக்கிழமையாக ஏமாற்றியிருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டு அவளையே நியாயம் கேட்கவும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று முதலாளியம்மா கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. இலக்கணம் எங்கெங்கோ போயிருக்கும். ஆனால் தூணடி மேசை, தோளில் வைத்த கை, பின்கதவு, படி, வாசலில் நின்ற மருமகன் ஒன்றையும் விடவில்லை. என்னைக் கண்டதே இல்லை என்று பெரியவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். முதலாளியம்மா மேசையில் ஓங்கி அடித்தார். உப்புக் குப்பி விழுந்து உருண்டது. "வெளியே," என்றார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

மகள்தான் முதலில் எழும்பினாள். வெயிட்டருக்கு முன்னால் வந்து நின்று, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மன்னிக்கவேண்டும், மிஸ்யூ," என்றாள். பிறகு தகப்பனுக்கும் புருஷனுக்கும் காத்திராமல் முன்கதவால் நடந்து போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பின்னால் போனார்கள்.

லைசென்ஸ் பேச்சு அதோடு நின்றது. வெயிட்டரின் வேலை மிஞ்சியது. கோயிலில் என்னைக் கண்டால் எங்கள் ஆண்கள் அடுத்த வாசலால் போகத் தொடங்கினார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு அது பழகின வேலை.

ஆனால் அன்று அவர்கள் போன பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. நான் குசினிக்குப் போய் அடுப்பை மூட்டிவிட்டு வெங்காயத்தை எடுத்தேன். வெயிட்டர் வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துக் கையைத் துடைத்தேன். அவர் முகம் சிவந்திருந்தது.

"மதாம், நீங்கள் அதைச் சொல்லியிருக்கக்கூடாது," என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது சரியா என்று தெரியவில்லை. "நான் சொல்லாவிட்டால் உங்கள் வேலை போயிருக்கும்," என்றேன்.

"போயிருக்கும்."

"நீங்கள் செய்யாத குற்றத்துக்கு."

"ஓர் ஆணின் மகளுக்கு முன்னால் அவன் எங்கே இருந்தான் என்று இந்தத் தவறணையில் யாரும் இதுவரை சொன்னதில்லை," என்றார். "இனி எந்த மனிதன் என்னை நம்பி இங்கே வந்து இருப்பான்?"

ஒரு நன்றி சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்! தள்ளினான் என்று பொய் சொன்னவன் மேல் இந்த மனிதனுக்குக் கோபம் இல்லை. தெரிந்தும் வாயை மூடியிருந்தவர்கள் மேல் கோபம் இல்லை. கோபம் எல்லாம் என் மேல். வேலை போவதைவிட ஒரு பெண் வாய் திறந்ததுதான் அவருக்குப் பெரிய நட்டமாகப் போய்விட்டது. யாழ்ப்பாணத்துத் தபாலதிபரும் மொன்றியல் வெயிட்டரும் ஒரு வார்த்தை பேசாமலே ஒரு கட்சியாக இருந்திருக்கிறார்கள், நான்தான் நடுவில் நின்று இருவருக்கும் சமைத்திருக்கிறேன்.

"சரி, மிஸ்யூ," என்றேன். "நான் சொல்லமாட்டேன் என்று உங்களில் யாருக்கு எப்போது சத்தியம் பண்ணித் தந்தேன்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதையும் சொல்லவேண்டும். பிறகு, "உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே, மதாம்," என்றார்.

"அதுதான்," என்று சொல்லிவிட்டு நான் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினேன்.